அஸ்லான் யார்? – வாசகர் கேள்வி பதில்

சி.எஸ்.லூயிஸ் சிறுவர்களுக்காக எழுதிய நார்னியா வரிசைக் கதைகளைப் பற்றியும் அவற்றில் வரும் அஸ்லான் என்ற சிங்கத்தைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியபோது, 'சிங்கத்தின் கதைக்குள் இயேசுவின் கதை இருக்கிறது' என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியையே பிடித்துக்கொண்டன. ஆகவே இந்த முறை மாயக் கதைகளும் அவற்றுக்குள் இருக்கும் சமயமும் மட்டும்.

கேள்வி: பள்ளி நாட்களில் நார்னியா ஏழு நூல்களையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கிறித்தவக் கதை என்று அப்போது தெரியவே தெரியாது. தெரிந்ததிலிருந்து யாரோ என்னை ஏமாற்றிவிட்டது போல இருக்கிறது. இப்படித் தோன்றுவது தவறா? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: தவறும் இல்லை, அபூர்வமும் இல்லை. லாரா மில்லர் என்ற அமெரிக்க விமர்சகர் இதே உணர்வை வைத்து 2008-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர் அவர். எந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சிலிருந்து தப்பிக்க நார்னியாவுக்குள் ஓடினாரோ, அதுவே அங்கேயும் காத்திருந்தது என்பதுதான் அவருடைய மனத்தாங்கல்.

ஆனால் லூயிஸ் இதை யாரிடமிருந்து மறைத்தார் என்று பாருங்கள். 1956-ல் நியூயார்க் டைம்ஸுக்கு எழுதிய கட்டுரையில் அவரே விளக்கியிருக்கிறார். இயேசுவின் பாடுகளைப் பற்றி 'இப்படித்தான் உருக வேண்டும்' என்று சொல்லிச் சொல்லியே சிறுவயதில் தமக்கு உருக முடியாமல் போயிற்று என்கிறார். குரலைத் தாழ்த்திப் பேசும் அந்தப் பக்தி உணர்ச்சியை உறைய வைத்துவிட்டதாம். தேவாலயத்து வண்ணக் கண்ணாடியையும் ஞாயிறு பள்ளியையும் கழற்றி வைத்துவிட்டு, அதே சங்கதியைக் கற்பனை உலகில் நிறுத்தினால், வாசலில் விழித்திருக்கும் டிராகன்களுக்குத் தெரியாமல் உள்ளே போய்விடலாமே என்று யோசித்தார். அந்த டிராகன்கள் பிற மதத்தவரின் எச்சரிக்கை உணர்வு அல்ல. கிறித்தவ வீட்டுப் பிள்ளையின் மரத்துப்போன மனம். உங்களை வலைபோட்டுப் பிடிப்பது அவருடைய முதல் நோக்கமாக இருந்திருக்காது.

இன்னொன்று, கதை கொள்கையிலிருந்து தொடங்கவில்லை. பனிக்காட்டில் குடையும் பொட்டலங்களுமாக நடக்கும் ஓர் ஆட்டுக்கால் மனிதன்: இந்தச் சித்திரம் பதினாறு வயதிலிருந்தே லூயிஸின் மனதில் இருந்தது. பிறகு சறுக்குவண்டியில் ஒரு ராணி, பிறகு ஒரு சிங்கம். முதலில் அவற்றில் கிறித்தவம் எதுவும் இல்லை, தானாக வந்து சேர்ந்தது என்கிறார். 2005-ல் திரைப்படம் வந்தபோது தேவாலயங்களைக் குறிவைத்துத் தனியே விளம்பரம் செய்தார்களே, கோபத்தில் பாதியை அந்தப் பக்கம் திருப்பலாம். நீங்கள் சின்ன வயதில் அழுதது ஒரு சிங்கத்துக்காக. அந்த அழுகை இன்றும் செல்லும்.

கேள்வி: முதுகலைத் தமிழ் படிக்கிறேன். ஆய்வேட்டில் நார்னியாவை 'உருவகக் கதை' என்று எழுதினேன். லூயிஸே அதை மறுத்திருக்கிறார் என்று நெறியாளர் அடித்துவிட்டார். என்ன வேறுபாடு? நம் உள்ளுறை உவமத்தோடு ஒப்பிடலாமா? (மாணவர், மதுரை)

பதில்: நெறியாளர் சொல்வது சரி. லூயிஸ் இடைக்கால உருவகக் கவிதைகளைப் பற்றி 1936-லேயே பெரிய ஆய்வு நூல் எழுதியவர். அந்தச் சொல்லை அவர் தளர்வாகப் பயன்படுத்த மாட்டார். 1958-ல் ஒரு வாசகிக்கு எழுதிய கடிதத்தில் வேறுபாட்டைத் துல்லியமாகச் சொல்கிறார். ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாண'த்தில் ஓர் அரக்கன் வருகிறான். அவன் பெயரே அவநம்பிக்கை, அவனுடைய கோட்டை சந்தேகம், பூட்டைத் திறக்கும் சாவி வாக்குத்தத்தம். உடல் இல்லாத ஒரு மனநிலைக்கு உடல் கொடுத்தாயிற்று. இது உருவகம். அஸ்லான் அப்படி அல்ல. 'நார்னியா என்று ஓர் உலகம் மெய்யாகவே இருந்து, அங்கேயும் கடவுளின் மகன் அவதரித்து, இறந்து, உயிர்த்தெழுந்தால் எப்படி இருக்கும்?' என்ற கேள்விக்கு அவன் விடை. லூயிஸ் இதை அனுமானம் என்கிறார்.

ஆய்வேட்டுக்குப் பயன்படும்படி மூன்று சோதனைகள் சொல்கிறோம். பாத்திரத்தின் பெயரை எடுத்துவிட்டுக் கருத்தின் பெயரை வைத்துப் படியுங்கள். வாக்கியம் அப்படியே ஓடினால் அது உருவகம். அடுத்து, ஒப்புமைகளை எல்லாம் பொருத்திய பிறகு மிச்சம் என்ன என்று பாருங்கள். நீர்நாய் வீட்டு மீன் சாப்பாடு, நீர்நாய் அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா தரும் தையல் இயந்திரம் இவற்றுக்கு எந்தச் சமயப் பொருளும் கிடையாது. மிச்சம் பெரிதாக இருந்தால் அது அனுமானக் கதை. மூன்றாவது, பாத்திரம் தன் உலகத்துக்குள்ளேயே மெய்யா என்று கேளுங்கள். அஸ்லான் இயேசுவைக் 'குறிக்கவில்லை'. கதையின்படி அவனே இவர். மூன்றாம் நூலின் கடைசியில், உங்கள் உலகத்தில் எனக்கு வேறு பெயர் உண்டு என்று அவனே சொல்லிவிடுகிறான்.

இந்தச் சோதனைகள் கத்தி வைத்து வெட்டியது போல விடை தராது. பனியனிடமும் மிச்சம் உண்டு. வெயில் அடிக்கும் நாளில் அந்த அரக்கனுக்கு வலிப்பு வந்து கை விளங்காமல் போகும்! உருவகத்துக்கு வெளியே துள்ளுகிற இப்படிப்பட்ட இடங்களால்தான் அந்த நூல் இன்னும் படிக்கப்படுகிறது.

உள்ளுறையோடு ஒப்பிடலாம், எச்சரிக்கையுடன். சொல்லாத பொருளை வாசகர் தாமே பொருத்திக்கொள்ள வேண்டும் என்ற அளவில் ஒற்றுமை உண்டு. ஆனால் அகத்திணையியலில் தொல்காப்பியர் 'உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலம்எனக் கொள்ளும்' என்கிறார். ஒரு நிலத்துக்குரிய தெய்வம், விலங்கு, மரம் முதலான கருப்பொருள்களில் தெய்வத்தை விலக்கிவிட்டு, மற்றவற்றை வைத்துத்தான் உள்ளுறை கட்டப்படும். லூயிஸ் செய்வது நேர் எதிர். அந்த முரணையே ஓர் இயலாக எழுதலாம்.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் 12 வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் வெளிவந்த நார்னியா நூலை வைத்துப் பாடம் நடத்தப்போகிறேன். அஸ்லான் = இயேசு, எட்மண்ட் = யூதாஸ், சூனியக்காரி = சாத்தான் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். சரியா? (ஆசிரியை, பாளையங்கோட்டை)

பதில்: பட்டியலைத் தயவுசெய்து வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் வரி நிற்கும், இரண்டாவது உடனே விழும். யூதாஸ் காட்டிக்கொடுத்த பின் மீளவில்லை. உடன்பிறந்தவர்களைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கும் எட்மண்டோ மன்னிப்புப் பெற்று அரசனாகிறான். அதுவும் எப்போது? 13-ஆம் அத்தியாயத்தில், அஸ்லான் இறப்பதற்கு முன்பே, இருவரும் தனியே நடந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று ஆசிரியர் சொல்வதே இல்லை. எட்மண்ட் பேதுருவுக்கும் கொஞ்சம் பொருந்துவான், ஆதாமுக்கும் பொருந்துவான், நம் எல்லோருக்கும் பொருந்துவான். யூதாஸ் என்று எழுதிவிட்டால் பிள்ளைகள் அவனைத் தங்களிடமிருந்து தள்ளி வைத்துவிடுவார்கள். பாடத்தின் உயிரே போய்விடும்.

அஸ்லான் பலியாகும் கல்மேசைக் காட்சியில் இன்னொரு சிக்கல். துரோகிகள் எல்லாம் தன் சட்டப்படியான இரை என்று சூனியக்காரி உரிமை கோருகிறாள். அஸ்லான் அந்த உரிமையை மறுக்காமல், எட்மண்டுக்குப் பதில் தன்னைக் கொடுக்கிறான். தீய சக்திக்கு மீட்புவிலை கொடுத்து, அதையே தோற்கடிப்பது என்ற இந்த விளக்கம் ஆதித் திருச்சபையில் பரவலாக இருந்தது. சாத்தானுக்கு அப்படி ஓர் உரிமை ஏது என்று 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறையியலாளர் ஆன்செல்ம் வலுவாக எதிர்த்தார். மனிதர் பட வேண்டிய தண்டனையை இயேசு ஏற்றார் என்றுதான் உங்கள் சபையில் கற்பிக்கிறீர்கள் என்றால், கதையும் பாடமும் வேறு வேறு திசையில் இழுக்கும். கூர்மையான பிள்ளை ஒன்று கேட்டுவிடும்: 'அப்படியானால் கடவுள் சாத்தானுக்கு ஏன் கடன்பட்டார்?' பதிலோடு போங்கள். மேலும் அஸ்லான் சாவது ஒரே ஒரு பையனுக்காக. உலகத்துக்காக என்று கதையில் இல்லை.

எப்படி நடத்தலாம்? 13, 14, 15 ஆகிய மூன்று அத்தியாயங்களை உரக்கப் படிக்க விடுங்கள். நிறுத்தி விளக்க வேண்டாம். படித்து முடித்ததும் 'இது எதையாவது நினைவுபடுத்துகிறதா?' என்று மட்டும் கேளுங்கள். விடியலில் உடலருகே இருந்தவர்கள் இரண்டு பெண் பிள்ளைகள், கட்டுகளைக் கடித்து அறுத்தவை எலிகள், கல்மேசை இரண்டாகப் பிளந்தது: இவற்றைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். எலிகளுக்குச் சுவிசேஷத்தில் இணை தேடுகிறவர்களை மெதுவாகத் திருப்பிவிடுங்கள். பிறகு நற்செய்தியின் பகுதியைப் படித்து, ஒற்றுமையைக் காட்டிலும் வேறுபாடுகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்களுக்குப் பாடம் நடத்தித் தரும். 17-ஆம் அத்தியாயத்தில், அஸ்லான் தனக்காகச் செய்தது எட்மண்டுக்குத் தெரியுமா என்று அவன் சகோதரிகள் லூசியும் சூசனும் கிசுகிசுப்பார்கள். சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்ற அந்தக் கேள்வியை வைத்தே ஒரு மணி நேரம் பேசலாம்.

படிக்கும் வரிசையும் முக்கியம். 1994-க்குப் பின் வந்த பதிப்புகள் பலவற்றில், 1955-ல் வெளிவந்த நார்னியா படைப்புக் கதை முதல் பாகமாக இருக்கும். அதிலிருந்து தொடங்கினால் சிங்கம் யார் என்பது முன்பே தெரிந்துவிடும். 1950-ல் வந்த நூலின் 7-ஆம் அத்தியாயத்தில் அஸ்லானின் பெயர் முதலில் கேட்கும்போது, அந்தப் பிள்ளைகளுக்கும் வாசகரைப் போலவே அவன் யாரென்று தெரியாது என்று ஆசிரியர் சொல்கிறார். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எட்மண்டுக்கு இனம் தெரியாத திகில், லூசிக்கு விடுமுறையின் முதல் நாள் காலை போன்ற உற்சாகம். முன்பே தெரிந்து படித்தால் இந்தக் காட்சி வீண்.

கேள்வி: டோல்கீன் தமக்கு உருவகமே பிடிக்காது என்றவர். அப்புறம் ஏன் அவருடைய மோதிரக் கதையிலும் ('லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்') கிறித்தவம் தேடுகிறார்கள்? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டும் அவர் சொன்னவைதான். 1953-ல் ஒரு பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில், இது அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பு, முதலில் தம்மை அறியாமல், திருத்தும்போது அறிந்தே என்று ஒப்புக்கொள்கிறார். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் உருவகத்தைத் தாம் மனமார வெறுப்பதாகச் சொல்கிறார். முரண்பாடு இல்லை. உருவகத்தில் அதிகாரம் ஆசிரியர் கையில். பொருத்திப் பார்க்கும் சுதந்திரம் வாசகர் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆகவே சமயத்தை மேலே வைக்காமல் அடியில் புதைத்தார். அந்த உலகத்தில் கோயில் இல்லை, வழிபாடு ஏறக்குறைய இல்லை. ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள்: மோதிரத்தை அழிக்கப் போகும் குழு ரிவெண்டெல் என்ற ஊரை விட்டுக் கிளம்புவது டிசம்பர் 25, மோதிரம் அழிவது மார்ச் 25. இரண்டாவது, மரியாளுக்குத் தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். தெரிந்தவர் புன்னகைப்பார், தெரியாதவருக்கு ஒன்றும் குறையாது. எங்களைக் கேட்டால் லூயிஸைவிட இவருடைய வழியே தேர்ந்தது. நார்னியா டோல்கீனுக்குப் பிடிக்கவில்லை என்பதும் தெரிந்த செய்தி.

கேள்வி: எங்களுடையது இந்துக் குடும்பம். 9 வயது மகனுக்கு இந்த நூல்களைக் கொடுக்கலாமா? உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். (தாய், சேலம்)

பதில்: கொடுங்கள். 'சாமி கதையா?' என்று அவன் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் பின்னாளில் மேலே கோவை மாணவி சொன்ன ஏமாற்றம் வரும். 1955-ல் ஓர் அமெரிக்கத் தாய் இதற்கு நேர்மாறான கவலையோடு லூயிஸுக்கு எழுதினார். தம் மகன் இயேசுவைவிட அஸ்லானை அதிகம் நேசிக்கிறோமோ என்று பயப்படுகிறானாம்! அஸ்லானிடம் அவன் நேசிக்கும் செயல்கள் எல்லாம் இயேசு செய்தவையே, கவலை வேண்டாம் என்று பதில் போனது. எந்த மதத்து வீட்டிலும் பிள்ளைகள் சிங்கத்தைத்தான் முதலில் நேசிக்கிறார்கள்.

நீங்கள் கூட உட்கார வேண்டிய இடம் வேறு. ஐந்தாவதாக வெளிவந்த நூலிலும் ஏழாவது நூலிலும் கலோர்மென் என்ற நாடு வருகிறது: கறுத்த தோல், தலைப்பாகை, வளைந்த வாள், கொடூரமான தெய்வம். கிழக்கத்திய மக்களைப் பற்றிய பழைய ஆங்கிலேய மனப்படம் அது; கண்டனங்களும் நிறைய வந்துவிட்டன. அங்கே நிறுத்தி, 'இவர்களை ஏன் இப்படி வரைந்திருக்கிறார்?' என்று கேளுங்கள். அதே ஏழாவது நூலில் எமெத் என்ற கலோர்மென் வீரன், வாழ்நாள் முழுக்க வேறு தெய்வத்தை உண்மையோடு வணங்கியவன், அஸ்லானால் ஏற்கப்படுகிறான். நீ அந்தத் தெய்வத்துக்குச் செய்த நற்பணி எனக்குச் செய்ததே என்கிறது சிங்கம். இந்தப் பக்கத்துக்காகவே லூயிஸைக் கடிந்துகொள்ளும் கிறித்தவ வாசகர்கள் உண்டு.

கேள்வி: சூசனை ஏன் கடைசியில் தள்ளிவிட்டார்? உதட்டுச்சாயம் பூசினால் மோட்சம் கிடையாதா? (வாசகி, கொழும்பு)

பதில்: கடைசி நூலில் சூசன் மட்டும் நார்னியாவுக்குத் திரும்புவதில்லை; அதற்குக் காரணம் சொல்லும் அந்த வரி பலரைச் சுட்டிருக்கிறது. உதட்டுச்சாயம், நைலான் காலுறை, விருந்து அழைப்பு இவற்றைத் தவிர அவளுக்கு வேறெதிலும் நாட்டமில்லை என்று இன்னொரு பாத்திரம்தான் சொல்கிறது. லூயிஸ் 1957-ல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில், அவள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், திருந்தக் காலம் இருக்கிறது, தன் வழியில் வந்து சேரக்கூடும் என்கிறார். கதைக்குள் அந்த ஆறுதல் இல்லாதது கதையின் குறைதான். உடன்பிறந்தவர்கள் மூவரையும் பெற்றோரையும் ஒரே ரயில் விபத்தில் பறிகொடுத்து நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் நூல் முடிகிறது.

கேள்வி: பிலிப் புல்மன் எழுதியது மதத்துக்கு எதிரான கதை என்கிறார்கள். அப்படியானால் அதுவும் இந்த வகைதானா? (வாசகர், சென்னை)

பதில்: அதே வகைதான், தலைகீழாக. 1995 முதல் 2000 வரை வந்த அவருடைய மூன்று நூல்களும் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தைத் திருப்பிப் படித்தவை. 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' என்ற வரிசையின் பெயரே அதன் இரண்டாம் காண்டத்துச் சொற்றொடர். நார்னியாவில் அவருக்குப் பெரிய கோபம், பிள்ளைகளைக் கொன்றுவிட்டு அதுவே நல்லது என்று சொல்வதில். 2007-ல் புல்மனின் கதை திரைப்படமாக வந்தபோது அமெரிக்காவில் கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு புறக்கணிப்புக்கு அழைத்தது. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் லண்டன் நேஷனல் தியேட்டரில் புல்மனோடு அமர்ந்து நட்பாக விவாதித்தார். புல்மனின் மூன்றாம் நூலில் சில இடங்களில் கதை நின்று வாதம் பேசத் தொடங்குகிறது. லூயிஸ் கடைசி நூலில் செய்த அதே பிழை. எதிரணியில் நின்றாலும் தப்ப முடியவில்லை.

கேள்வி: சைவ சித்தாந்தத்தை வைத்துத் தமிழில் ஒரு மாயக் கதை எழுதுகிறேன். பதியரசன் (இறைவன்), பசுபாலன் (உயிர்), ஆணவாசுரன் (உயிரை மறைக்கும் ஆணவம்) என்று பாத்திரங்கள். படித்த நண்பர்கள் 'பிரசங்கம் மாதிரி இருக்கு' என்கிறார்கள். எங்கே தவறு? (எழுத்தாளர், தஞ்சாவூர்)

பதில்: பெயர்களிலேயே. ஆணவாசுரன் நுழைந்த உடனே அவன் யார், கடைசியில் என்ன ஆவான் எல்லாம் வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. பெயர் வெளிப்படையாக இருந்தும் வென்ற படைப்புகள் உண்டு. 11-ஆம் நூற்றாண்டு வடமொழி நாடகமான பிரபோத சந்திரோதயத்தில் விவேகனும் மகாமோகனும் போர் செய்கிறார்கள். ஆனால் அது மேடைக்கானது, பாதி நையாண்டி. பனியனின் கதையை 1894-ல் 'இரட்சணிய யாத்திரிக'மாக்கிய எச்.ஏ.கிருஷ்ண பிள்ளைக்குக் கம்பனிடம் கற்ற விருத்தம் கைகொடுத்தது. உருவகம் தெரிந்தாலும் ஓசை இழுத்துக்கொண்டு போகும். இன்றைய உரைநடை நாவலுக்கு அந்த இரண்டு துணையும் கிடையாது.

கொள்கையைப் பாத்திரமாக்காதீர்கள், அந்த உலகத்தின் இயற்கை விதியாக்குங்கள். சித்தாந்த நூலான திருவருட்பயனில் உமாபதி சிவம் சொல்கிறார்: 'ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும் இருபொருளும் காட்டாது இது.' சாதாரண இருட்டு பிற பொருள்களை மறைக்கும், ஆனால் தான் இருப்பதைக் காட்டிவிடும். ஆணவம் தன்னையும் சேர்த்து மறைத்துவிடும். இதைவிட நல்ல மாயக் கதைக் கரு எங்கே கிடைக்கும்? தாங்கள் இருட்டில் இருப்பதே தெரியாத ஓர் ஊர். எல்லாம் நன்றாகத் தெரிவதாக எல்லோரும் நம்புகிறார்கள். தடுக்கி விழுந்தால் தரையைக் குறை சொல்கிறார்கள். விளக்கோடு வருகிறவனை அந்த ஊர் என்ன செய்யும்? அசுரன் வேண்டியதே இல்லை.

திருத்தும் முறை இது. முதலில் பிரதி முழுவதிலும் பதி, பசு, பாசம், மலம், அருள் என்ற சொற்கள் வரும் இடங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு செயலாக எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடத்தில் கதை இல்லை, குறிப்புதான் இருக்கிறது. பிறகு, கதையில் யாராவது ஐந்து வரிக்கு மேல் இடைவிடாமல் போதித்தால், எதிரில் இருப்பவரை ஒரு நியாயமான மறுப்புச் சொல்ல வையுங்கள். குரு பாத்திரத்துக்கு அவர் தீர்க்க முடியாத ஒரு தேவை வேண்டும். இல்லையென்றால் அவர் ஒலிபெருக்கி. கொள்கையின்படி நடக்க வேண்டியது ஒன்று, பாத்திரத்தின் குணப்படி நடக்கக்கூடியது வேறொன்று என்று வரும் இடங்களில் பாத்திரத்தின் பக்கம் நில்லுங்கள். ஒப்புமை கோணலாகும், கதை பிழைக்கும்.

கடைசியாக, இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள்: சித்தாந்தம் அறிந்த ஒருவர், அறவே அறியாத ஒருவர். முன்னவர் பிழை சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். பின்னவர் எந்தப் பக்கத்தில் கைப்பேசியை எடுத்தார் என்று பாருங்கள், அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.